மதினியின் பறவைகளும் நான் கத்தரித்த சீட்டுகளும்

மதினியின் அலமாரியில் எந்த இழுப்பறையை இழுத்தாலும் முதலில் பாச்சா உருண்டை வாடை வரும். பிறகுதான் பறவைகள் கண்ணுக்குத் தெரியும். கால்மேல் கால் சேர்த்துக் கட்டி, மல்லாக்கப் படுத்து, கண் இருந்த இடத்தில் பஞ்சு எட்டிப் பார்க்க, வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சீட்டு இருக்கும். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் குறிக்கும் தாள்களின் பின்பக்கத்தை விரல் அகலத்துக்குக் கிழித்து, நீல மையில் பொடிப்பொடியாக எழுதி, காயம் தைக்கும் நூலால் கட்டியிருப்பார். சிலவற்றில் ரத்தக் கறை இருக்கும், சிலவற்றில் அயோடின். அந்தச் சீட்டுகளில் ஒன்றுகூட இன்றைக்கு உலகத்தில் இல்லை. அத்தனையையும் கத்தரித்துப் போட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை பொத்தி வைத்துச் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. விருதுநகரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். நான் சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் ஆர்ட்டிஸ்டாக இருந்தேன். தீப்பெட்டிக்கும் வெடிக்கட்டுக்கும் ஒட்டுகிற லேபிள்களுக்குக் கல்லில் படம் எழுதுவது என் வேலை. கல்யாணமாகாதவன் என்பதால் சாப்பாடும் படுக்கையும் அண்ணன் வீட்டில். காலையில் ஆமத்தூர் வழியாகப் போகும் பஸ்ஸில் போனால் பொழுது சாயத் திரும்பிவிடுவேன். வந்ததும் முகம் கழுவக்கூட விடாமல் மதினி அன்றைக்கு நான் வரைந்த லேபிளைக் கேட்பார். ஒரு தடவை கிளிப் படம் போட்ட லேபிளைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "கொழுந்தனாரே, கிளிக்கு முன்னால ரெண்டு விரலு, பின்னால ரெண்டு விரலு. நீங்க முன்னால மூணு போட்டிருக்கீக. காக்கா காலை வெட்டி ஒட்டிட்டீகளா?" அந்த லேபிள் ஏற்கனவே லட்சக்கணக்கில் ஓடிவிட்டது. ஊர் முழுக்கக் காக்காய்க்கால் கிளிதான் பறந்தது.

இந்தப் பறவைக் கிறுக்கு மதினிக்கு வந்தது அந்த ஆஸ்பத்திரியில் முன்பு இருந்த வெள்ளைக்கார டாக்டரிடமிருந்து. டாக்டர் துரை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஓய்வு நாளில் துப்பாக்கியும் கையுமாகக் கண்மாய்க் கரைகளில் சுற்றி, சுட்ட பறவைகளின் தோலை உரித்து, பூச்சி அரிக்காமலிருக்கப் பாஷாணச் சோப்புத் தடவி, பஞ்சு அடைத்துத் தன் தேசத்து மியூசியத்துக்குப் பெட்டி பெட்டியாக அனுப்பிக்கொண்டிருந்தார். அதற்கு நல்ல தையல் கை தேவைப்பட்டது. வார்டில் மதினியின் தையலைப் பார்த்தவர் இதற்கும் அவரையே கூப்பிட்டுக்கொண்டார். அந்தக் காலத்தில் இப்படிச் சேகரித்தவர்கள் எத்தனையோ பேர். கலெக்டர்கள், பாதிரிகள், ரயில்வே இன்ஜினியர்கள் என்று எல்லோரும் நம் ஊர்ப் பறவையைக் கப்பலேற்றினார்கள். சீட்டில் அவர்கள் பெயர் மட்டும்தான் இருக்கும். எங்கே அந்தப் பறவை தங்கும் என்று காட்டிக்கொடுத்த ஆட்டுக்காரனின் பெயர் எந்த இழுப்பறையிலும் கிடையாது. மதினி இதை டாக்டரிடமே கேட்டாராம். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டாராம்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் டாக்டர் துரை தன் ஊருக்கே திரும்பிப் போனார். போகும்போது இரண்டு காலி அலமாரிகளையும் ஒரு பறவைப் புத்தகத்தையும் மதினியிடம் விட்டார். கூடவே ஒரு சேதியும் சொன்னார். பட்டணத்து மியூசியத்தில் மலைப் பறவைகளுக்கான இழுப்பறைகள் நிரம்பி வழிகின்றன, ஏனென்றால் சேகரிக்க வந்தவர்கள் எல்லோரும் குளுமையும் பங்களாவும் இருந்த மலைக்கே போனார்கள், இந்த வெயிற்காட்டுக்கு ஒருவரும் வரவில்லை, இந்தக் கரிசல் பக்கத்துக்கென்று ஒதுக்கிய இழுப்பறை வெறுமையாகவே கிடக்கிறது என்றார். ஒரு சிட்டுக்குருவிகூட அதில் இல்லையாம். மதினிக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. "பறவையே அண்டாத பொட்டக்காடுன்னுல்ல நெனச்சுக்கிடுவான், தம்பி! இம்புட்டும் இங்கன இருந்துச்சுன்னு எழுத்து வேணாமா?" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்த வெறும் இழுப்பறையை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு ஆசை. நகை, புடவை, வீடு என்று வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

மதினி ஒரு பறவையைக்கூடச் சுட்டதில்லை. எல்லாம் தானாக வந்தவை. தந்திக் கம்பியில் அடிபட்டது, கிணற்றில் விழுந்தது, காடைக்கு விரித்த வலையில் செத்தது. ஆலங்குளம் சுண்ணாம்புக் குவாரியில் வெடிவைத்தபோது கல் தெறித்து விழுந்த ஆந்தை ஒன்று லாரியில் வந்தது. நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் மடியில் கட்டிக் கொண்டுவருவார்கள். மதினி அவர்களை நோயாளியைக் கேட்பதுபோலவே கேட்பார். எங்கன கிடந்துச்சு, எந்தக் காடு, எப்ப, பக்கத்துல என்ன வெள்ளாமை, வாயில எதுவும் இருந்துச்சா? எல்லாவற்றையும் சீட்டில் எழுதி, கடைசியில் கொண்டுவந்தவரின் பெயரையும் எழுதுவார். எழுதியவுடன் பறவையின் காலில் கட்டிவிடுவார். தனி நோட்டு கிடையாது. நோட்டு ஒரு பக்கம் போகும், பறவை ஒரு பக்கம் போகும், எழுத்து உடம்போடு இருக்க வேண்டும் என்பது டாக்டர் சொல்லிக்கொடுத்த பாடம். அதுவும் மதினிக்குப் புதிதல்ல. பிள்ளை பிறந்த நிமிடத்தில் அதன் கையில் தாயின் பெயர் எழுதிய சீட்டைக் கட்டுகிற வேலையைத்தான் அவர் தினமும் செய்தார். வீட்டுக்குப் போகும்வரை அதை யாரும் அவிழ்க்க மாட்டார்கள். அவிழ்க்கக் கூடாது என்று யாரும் யாருக்கும் சொல்வதும் இல்லை. என்னிடமும் மதினி சொல்லவில்லை.

வரகுக்கோழி வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மல்லாங்கிணற்றில் விவசாயம் பார்க்கும் சம்சாரி ஒருவர், மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தவர், துண்டில் சுற்றி எடுத்து வந்தார். கோழி அளவு இருக்கும், நீளக் கழுத்து, உயரக் கால், காய்ந்த புல்லின் நிறத்தில் கறுப்புக் கீற்றுகள். "காடை வலையில விழுந்துச்சு நர்சம்மா. நல்ல கறி. கொழம்பு வச்சுச் சாப்பிடுங்க" என்றார். மதினி பறவையின் காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பின்விரல் இல்லை. வரகுக்கோழிக்கு அதுதான் அடையாளமாம். டாக்டர் துரை பத்து வருஷம் தேடிக் கிடைக்காத பறவை அது. கேள்விமேல் கேள்வி கேட்டதில் அந்த மனிதர் மனைவியைப் பார்க்கப் போவதையே மறந்துவிட்டார். மதினி தோலை உரித்தபின் கறியைக் குழம்பு வைத்தார். அண்ணன் ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிட்டார். நானும் ஒரு பிடி பிடித்தேன்.

அறுபதுகளின் நடுவில் மதினி பட்டணத்து மியூசியத்துக்குக் கடிதம் எழுதினார். பதில் வராது என்றுதான் அண்ணன் சொன்னார். வந்தது. அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், தகுதியாக இருந்தால் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு அந்த வெறும் இழுப்பறையில் வைப்பார்கள் என்று எழுதியிருந்தது. மதினி அந்தக் கடிதத்தை வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். அதிகாரி வருவதாகச் சொன்ன நாளுக்குச் சரியாகப் பத்து நாள் முன்பு, சிவகாசிப் பக்கத்தில் ஒரு வெடி ஆலையில் மருந்து கலக்கும் அறை தீப்பிடித்தது. தீபாவளி சீசன், ஆள் நிறைய. வெந்துபோனவர்களை வண்டி வண்டியாக மதினியின் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். மதினி வீட்டுக்கே வரவில்லை. சோற்றுத் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது வார்டு வாசலில் நின்றபடி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு உள்ளே ஓடுவார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, "தம்பி, அவுக வாற நேரத்துக்கு எல்லாம் துடைச்சு வைக்கணும், எனக்கு நேரமில்ல. முடிஞ்சா கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றார். தூசி தட்டி வைக்கத்தான் சொன்னார். எனக்கு அது போதவில்லை.

அச்சகத்துக்காரனின் புத்தி எப்படி என்று சொல்ல வேண்டும். லேபிள் கேட்டு வரும் பார்ட்டி அதில் போட வேண்டிய விஷயத்தை எழுதிக் கொடுத்தால் அது எண்ணெய்த் தாளிலும் இருக்கும், சிகரெட் அட்டையிலும் இருக்கும். மூலையில் 'அவசரம், செவ்வாய்க்குள் வேண்டும்' என்றும் இருக்கும். வேண்டியதை மட்டும் எடுத்து அச்சேற்றி, புரூப் பார்த்து முடிந்துவிட்டால் கையெழுத்துத் தாள் குப்பைக்கு. அச்சில் வந்ததுதான் அசல். கையால் எழுதியது அதுவரைக்கும்தான். இதில் எனக்கு இம்மிகூடச் சந்தேகம் இருந்ததில்லை. இந்த அழுக்குச் சீட்டுகளோடு மதினியின் பதினைந்து வருஷ உழைப்பைப் பட்டணத்து அதிகாரி பார்ப்பதாவது என்று தோன்றியது. முதலாளியிடம் கெஞ்சி, வேலை முடிந்தபின் மிஷினை ஓட்ட அனுமதி வாங்கி, கெட்டித் தாளில் ஐந்து வர்ண லேபிள் போட்டேன். பொன் நிறக் கரை, மூலையில் சின்னதாக ஒரு தாமரை, நடுவில் தமிழில் பறவையின் பெயர், அதன் கீழே டாக்டர் விட்டுப்போன புத்தகத்தைப் பார்த்து எழுதிய லத்தீன் பெயர், அடியில் மதினியின் பெயர். என் வாழ்நாளில் அவ்வளவு அழகான லேபிள் நான் போட்டதில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், அலமாரிகளுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பறவையாக எடுத்தேன். பழைய சீட்டைப் படிப்பேன், பெயரைச் சரிபார்ப்பேன், நூலைக் கத்தரிப்பேன், புது லேபிளைப் பட்டு நூலால் கட்டுவேன். ஊர், காடு, தேதி, கொண்டுவந்தவர் பெயர் எல்லாம் படித்தேன். சுவாரஸ்யமாகக்கூட இருந்தது. ஆனால் லேபிளில் அதெல்லாம் எதற்கு? பழைய தேதி போட்டால் சரக்கு பழசு என்று தெரிந்துவிடும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். பாட்டுப் பாடிக்கொண்டேதான் செய்தேன். நூற்றுக்கு மேற்பட்ட பறவைகள், ஒன்றையும் விடவில்லை. சீட்டுகளைப் பையில் அள்ளி மறுநாள் அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கழிவுச் சாக்கில் போட்டேன். சிவகாசியில் காகிதத்தை யாரும் தெருவில் எறிவதில்லை. துண்டுக் காகிதம் எல்லாம் அட்டை செய்கிறவர்களுக்குப் போகும்.

அதிகாரி வருவதற்கு முந்தைய நாள் காலையில்தான் மதினி வந்தார். ஒன்பது நாளில் ஆள் பாதியாகியிருந்தார். வெந்துபோய் வந்தவர்களில் பாதிப் பேர் இறந்துவிட்டார்கள் என்று அண்ணனிடம் சொன்னார். நான் பொறுக்கமாட்டாமல் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அலமாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். இழுப்பறையைத் திறந்தார். பொன் கரை பளபளத்தது. மதினி சிரிக்கவில்லை. ஒரு பறவையை எடுத்தார், லேபிளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததை. "சீட்டு எங்கன தம்பி?" என்றார். நான் சொன்னேன். அவர் புடவைகூட மாற்றாமல் வாசலில் இறங்கி பஸ்ஸுக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

அட்டை போடுகிற இடம் சிவகாசிக்கு வெளியே இருந்தது. எங்கள் சாக்கு வந்து இரண்டு நாள் ஆகிவிட்டது என்றார்கள். சிமெண்டுத் தொட்டியைக் காட்டினார்கள். சாம்பல் நிறத்தில் கூழ். மதினி தொட்டியோரம் மண்டியிட்டு முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டார். ஒரு கை அள்ளி விரலால் பிரித்துப் பார்த்தார். மறுபடியும் விட்டார். வேலை செய்த பெண்கள், பாவம், மோதிரத்தைத் தேடுகிறார் என்று நினைத்து அவர்களும் கைவிட்டுத் தேடினார்கள். "தங்கமா நர்சம்மா? எத்தனை பவுனு?" என்று ஒருத்தி கேட்டாள். மதினி அள்ளி அள்ளிப் பிரித்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, பிறகு எழுந்து கையைக் கழுவினார். அந்தத் தொட்டிக்குள் நான் விழுந்து செத்திருக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அதே நினைப்புதான்.

பஸ்ஸில் வரும்போது ஒரு வழி சொன்னேன். "உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமா இருக்குமே மதினி. ராத்திரியோட ராத்திரியா எழுதிக் கட்டிருவோம். பழைய தாளுலயே எழுதுங்க. யாருக்குத் தெரியப் போகுது?" மதினி சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். ஆமத்தூர் தாண்டியதும்தான் பேசினார். "பத்து இருபது நல்லா ஞாபகம் இருக்கு தம்பி. மத்தது இருக்க மாதிரி இருக்கு. வார்டுல ரெண்டு பிள்ளைக்குக் கையில கட்டுன சீட்டு அவுந்து விழுந்துட்டா, இது இவ பிள்ளை மாதிரி இருக்குன்னு எழுதிக் கட்டிருவீகளா?" என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அதிகாரி நல்ல மனிதர். ஒவ்வொரு தோலையும் குழந்தையை எடுப்பதுபோல எடுத்தார். "இவ்வளவு சுத்தமான தையலை நான் பார்த்ததே இல்லையம்மா" என்றார். லேபிளைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு மூலச் சீட்டுகளைக் கேட்டார். மதினி இல்லை என்றார். நான்தான் காரணம் என்று சொல்லவில்லை. நானே முன்னால் வந்து சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. வரகுக்கோழியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இது எங்கே கிடைத்தது?" என்றார். மல்லாங்கிணறு, வடக்குக் காடு, கம்பங்கொல்லை என்றார் மதினி. தேதியும் சொன்னார், வலை விரித்தவர் பெயரும் சொன்னார். "நான் நம்புகிறேன் அம்மா. ஆனால் அன்றைக்கே எழுதிய சீட்டு இல்லாமல், நாம் இரண்டு பேரும் போனபிறகு இந்த இழுப்பறையைத் திறப்பவன் எதை நம்புவான்? ஊரும் நாளும் இல்லாவிட்டால் இது அழகான பொம்மை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்கும் கண்ணாடிப் பெட்டிக்கு வேண்டுமானால் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்" என்றார். "பொம்மைக்கு வேணாங்கய்யா" என்றார் மதினி. அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட அண்ணனை அனுப்பினார்.

பாஷாணம் தடவிய தோலைக் குப்பையில் போட முடியாது, நாய் தின்றால் செத்துப்போகும். ஆஸ்பத்திரி மதிலுக்குப் பின்னால் ஆழமாகக் குழி வெட்டச் சொன்னார். நான்தான் வெட்டினேன். மதினி குழியோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பறவையின் காலிலிருந்தும் என் லேபிளை அவிழ்த்துவிட்டு உள்ளே வைத்தார். கௌதாரி, பனங்காடை, ஆட்காட்டி, குவாரியில் செத்த ஆந்தை. வரகுக்கோழியை எப்போது வைத்தார் என்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. முடிந்ததும் லேபிள்களை அடுக்கி நூல் சுற்றி என்னிடம் கொடுத்தார். "நல்ல தாளு தம்பி. நல்லாத்தான் அடிச்சிருக்கீக" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. மெய்யாகவே சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது.

அதற்குப்பின் மதினி பறவையைத் தொடவில்லை. விஷயம் தெரியாத சனங்கள் வெகுகாலம் கொண்டுவந்துகொண்டுதான் இருந்தார்கள். வாசலில் நின்றபடியே, "கொழம்பு வச்சுக்கிடுங்க" என்று அனுப்பிவிடுவார். எங்கே கிடைத்தது என்றுகூடக் கேட்கமாட்டார். அலமாரிகளில் துணியை மடித்து வைத்தார். எனக்குப் பெண் பார்த்துக் கல்யாணம் செய்துவைத்தார், என் பிள்ளைகளின் பிரசவம் பார்த்தார், ஒவ்வொரு சீசனிலும் வெந்துபோய் வருகிறவர்களுக்கு மருந்து போட்டார். என்னிடம் பிரியம் குறையவே இல்லை. ஆனால் நான் வரைந்த லேபிளைக் காட்டச் சொல்லி அதற்குப்பின் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. அண்ணனும் போய்விட்டார்.

போன மாதம் ஒரு கல்லூரிப் பெண் வீடு தேடி வந்தாள். இந்தப் பக்கத்தில் முன்பு இருந்த பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். கட்டம் போட்ட தாள்களும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்தாள். "வரகுக்கோழி நம்ம பக்கம் வந்ததுக்கு எழுத்துல ஒண்ணும் இல்லைங்கய்யா. மியூசியத்துலயும் கேட்டுட்டேன். இப்ப நம்ம பக்கம் எங்கயுமே அதைப் பாக்க முடியல. வயசானவுக யாராவது பாத்திருப்பீகளான்னு கேட்டுக்கிட்டு வாறேன்" என்றாள்.

"வந்துச்சும்மா. மல்லாங்கிணத்துல. காடை வலையில விழுந்துச்சு. நான் கையில வச்சுப் பாத்திருக்கேன்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவசரமாக எழுதினாள். "எந்த வருசம்ங்கய்யா? மாசம் தெரிஞ்சாக்கூடப் போதும்" என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சீட்டு தெரிந்தது. நீல மை, ஓரத்தில் அயோடின் கறை, சாய்ந்து போகும் மதினியின் எழுத்து, வடக்குக் காடு, கம்பங்கொல்லை. அதற்குக் கீழே தேதி. அதை நான் படித்திருக்கிறேன். படித்துப் பார்த்து, இது எதற்கு என்று நினைத்துத்தான் கத்தரித்தேன். எவ்வளவு முட்டிப் பார்த்தும் அந்த எண் மட்டும் வரவில்லை. அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"தெரியலம்மா" என்றேன்.

"பரவாயில்லைங்கய்யா" என்றாள். எழுதியதன்மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த பறவையின் பெயரைக் கேட்டாள்.